செயின்பிளேட்டைக் கழற்றிச் சோதித்து மாற்றுவது எப்படி?

பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளின் அடிமுனையைப் படகின் உடலோடு பிணைக்கும் உலோகப் பட்டைதான் செயின்பிளேட். படகின் மேல்தளமான டெக்குக்கு மேலே பளபளவென்று இருக்கும். வினையெல்லாம் டெக்கின் தடிமனுக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சிறு பகுதியில்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன்மேல் படிந்த குரோமியம் ஆக்சைடு படலம். அது சிதைந்தால் திரும்ப உருவாக ஆக்சிஜன் வேண்டும். உப்புத்தண்ணீர் தேங்கிக் காற்றே போகாத இடுக்கில் அதற்கு வழியில்லை. குழி விழும், குழியிலிருந்து கீறல் ஓடும். வெளியே தெரிவது பழுப்புக் கசிவு மட்டுமே. சில சமயம் அதுவும் இராது.

காற்றில்லாத நாளில், படகைத் துறையில் கட்டிவிட்டு, பாய்களை இறக்கியபின் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பட்டை. கழற்றப்போகும் கம்பிக்குப் பதிலாக, பாய்மர உச்சியிலிருந்து வரும், பாயை ஏற்றும் கயிறான ஹால்யார்டை அதே பக்கத்தில் உறுதியான இடத்தில் கட்டி இறுக்குங்கள். கைப்பிடிக் கம்பம் அதற்கு உதவாது. கம்பியை இறுக்கித் தளர்த்தும் திருகான டர்ன்பக்கிளில் வெளியே தெரியும் மறையின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு தளர்த்துங்கள்.

பட்டையை உருவி எடுத்ததும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கீறலின் வாய் மூடிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, 10 மடங்கு லென்ஸால் துளைகளின் விளிம்பைப் பாருங்கள். பிறகு ஊடுருவும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, துணியால் துடைத்து, கீறலுக்குள் போன சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். சிவப்புக் கோடு எழுந்தால் பட்டை குப்பைக்குத்தான். வெல்டிங் வைத்து ஒட்டுப்போடும் ஆசை வேண்டாம். ஆழமான குழி விழுந்திருந்தாலும் இதே தீர்ப்பு.

புதியது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தடிமனையும் துளைகளையும் பழையதை வைத்தே அளந்து, வளைவும் கம்பி இழுக்கும் கோணத்தில் அமைகிறதா என்று பாருங்கள். போல்ட்டுகளும் அதே துளைக்குள் ஈரத்தில் கிடந்தவைதான், அவற்றையும் மாற்றுங்கள்.

டெக் துளையைச் சுற்றி உள்மரம் ஊறியிருந்தால் தோண்டியெடுத்து, நன்றாக உலர்த்தி, கெட்டியாக்கிய எபாக்ஸிப் பிசினால் நிரப்பி மறுபடி துளையிடுங்கள். பட்டை நுழையும் டெக் துளையை அடைக்க, ஒட்டும் ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப் போதும். அது மெல்லப் பிதுங்கும் என்பதால் துளையின் மேல் வரும் மூடித்தகட்டின் திருகுகளை இரண்டு மூன்று நாளில் தவணையாக இறுக்குங்கள்.

டர்ன்பக்கிள் மறையில் லனோலின் என்ற கம்பளிக் கொழுப்பைத் தடவாமல் திருப்பவே கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உரசினால் பற்றிக்கொள்ளும்; பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். குறித்த நீளத்துக்குக் கொண்டுவந்து, மறை தானாகச் சுழலாமல் தடுக்கும் இரட்டைக்கால் ஊசியான காட்டர் பின் புதிதாகப் போட்டுக் கால்களைச் சற்றே விரித்துவிட்டு, பிறகுதான் ஹால்யார்டை அவிழ்க்க வேண்டும். கடைசியாக டெக்கில் தண்ணீர் பீய்ச்சி, கீழே கேபினுக்குள் கசிகிறதா என்று கைவைத்துப் பாருங்கள்.