ஹெடர் மாட்டப் போகிறீர்களா? நான் காசு கொடுத்துக் கற்றவை

போன வாரம் ஒரு பையன், 1969 ஷெவர்லே நோவா காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, பளபளக்கும் புது ஹெடரைக் குழந்தையைத் தூக்கியது மாதிரி கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஹெடர் என்பது, இன்ஜின் புகையை வெளியே விடும் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுதி; ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் பழைய கார்களின் ஊர்வலமான வுட்வர்ட் டிரீம் குரூஸ் வருகிறது. அதற்குள் வண்டி உறும வேண்டுமாம். "போல்ட் போட்டு முறுக்கினா முடிஞ்சுது, இல்லண்ணா?" என்றான். அவன் அடுத்து என்னென்ன செய்வான் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். எல்லாம் நான் செய்ததுதான்.

கேஸ்கெட்டை மறக்காதே, சூடேறி ஆறியதும் போல்ட்டை மறுபடி இறுக்கு என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

பெரிய குழாய் மோகம்

அதிகம் கைவைக்காத 350 கன அங்குல இன்ஜினுக்கு 1⅝ அங்குலக் குழாய் போதும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), சிலிண்டர் ஹெட் எல்லாம் மாற்றியிருந்தால் 1¾. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 1⅞ வாங்கினால், அகலமான குழாயில் புகையின் வேகம் குறைந்து, இன்ஜின் மெதுவாகச் சுற்றும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். சிக்னலில் பச்சை விழும்போது வண்டி தூங்கும். நாம் ஓட்டுவதோ சிக்னலுக்குச் சிக்னல்.

தளர்ந்த இன்ஜின் மவுண்ட்

இன்ஜினைத் தாங்கும் அந்தப் பிடியை முதலில் மாற்றுங்கள். பிறகு ஹெடர்.

தொங்கும் ஆக்சிலுக்கு அளவெடுப்பது

உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

என்னுடையது 1970 ஷெவெல். ஹெடரிலிருந்து பின் பம்பர் வரை 2½ அங்குல இரட்டைக் குழாய் போட ஒரு சைலன்சர் கடையில் விட்டேன். இரண்டு தூண் லிஃப்டில் ஏற்றினார்கள். அந்த லிஃப்ட் சேசிஸைப் பிடித்துத் தூக்கும். பின் ஆக்சிலும் சக்கரங்களும் ஷாக் அப்சார்பர் விடுகிற மட்டும் கீழே தொங்கும். குழாயோ ஆக்சிலுக்கு மேலே ஏறி வளைந்து பின்னால் போக வேண்டும். நடுவில் கையை விட்டுப் பார்த்தேன், தாராளமாக நுழைந்தது. "ஏகப்பட்ட இடம் இருக்கு" என்று சொன்னதும் நான்தான். முழு வெல்டிங் அடித்து இறக்கினார்கள்.

இறக்கியதும் என்ன ஆகும்? வண்டியின் எடை ஸ்பிரிங்கை அமுக்கும், ஆக்சில் குழாயை நோக்கி மேலே வரும். தனியாக ஓட்டியபோது தெரியவில்லை. பின் சீட்டில் இரண்டு பேர் ஏறியதும் ஒவ்வொரு பள்ளத்திலும் டங்.

ஷாக் அப்சார்பர் என்று நினைத்து இரண்டையும் மாற்றினேன். டங். கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷாக இருக்கும் என்று ஒரு சனி, ஞாயிறு முழுக்க அடியில் கிடந்து அதையும் மாற்றினேன். டங். ஒருநாள் ராத்திரி படுத்துக்கொண்டு டார்ச் அடித்தபோதுதான் கண்ணில் பட்டது: ஆக்சிலின் தலையில் கறுப்பு பெயின்ட் போய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது. நேர் மேலே, குழாயில் ஒரு குழி. ஆக்சிலுக்கு மேலிருந்த பகுதியை இருபுறமும் வெட்டி எறிந்து புதிதாக வளைக்க வேண்டியதாயிற்று. "நீங்களே கைவிட்டுப் பார்த்தீங்களே" என்றார் கடைக்காரர். பதில் சொல்ல வாய் வரவில்லை.

சக்கரத்தின் மேல் நிற்கும் நான்கு தூண் லிஃப்டில் வேலை செய்யச் சொல்லுங்கள். இரண்டு தூண்தான் இருக்கிறது என்றால், ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, வண்டியின் பின்பாரம் அதில் உட்கார்ந்த பிறகு அளவெடுக்க வேண்டும். பள்ளத்தில் விழும்போது ஆக்சில் மேலே வந்து பம்ப் ஸ்டாப் ரப்பரில்தான் முட்டி நிற்கும். ரப்பருக்கு இருக்கும் தூரத்தை அளந்து, அதைவிடக் கூடுதலாகக் குழாய்க்கு விடுங்கள். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகு முழு வெல்டிங்.

குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர்கள் ரப்பரில் இருக்கட்டும். 2 மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். போதாததற்கு, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கும். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்தால் வெல்டிங் விரியும்.

ஸ்டார்ட்டர்

ஹெடர் குழாய் ஸ்டார்ட்டரை ஒட்டியே போகும். காலையில் ஒழுங்காகக் கிளம்பும் வண்டி, பெட்ரோல் போட நிறுத்திய பிறகு கிளம்பாது. பேட்டரியைத் திட்டாதீர்கள், அது வெப்பம். நடுவில் தகடு வையுங்கள், இல்லை சிறிய கியர் ஸ்டார்ட்டருக்கு மாறுங்கள்.

318, 340, 360 மோபார்

கிரைஸ்லர் குழுமத்தின் (மோபார்) இந்த இன்ஜின்களில், ஹெடரைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் ஸ்டட் துளைகளில் சில கூலன்ட் ஓடும் இடம் வரை போகின்றன. சீலன்ட் தடவாமல் போட்டால் ஒழுகும்.

சோக்

குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் தகடுதான் சோக். பல வண்டிகளில் அது திறப்பதற்கான சூடு பழைய மேனிஃபோல்டிலிருந்துதான் போகிறது. அதைக் கழற்றினால் சோக்குக்குச் சேதி சொல்ல ஆளில்லை. எலெக்ட்ரிக் சோக் போடுங்கள், ஆனால் அதன் ஒயரை இக்னிஷன் காயிலிலிருந்து எடுக்காதீர்கள்; பாயின்ட் வைத்த பழைய வகை இக்னிஷன் வண்டிகளில் அங்கே முழு 12 வோல்ட் வராது.

பழைய மேனிஃபோல்டை இரும்புக்குப் போடுவது

அதில் வார்ப்பு எண்ணும் தேதிக் குறியீடும் இருக்கும். அசல் பாகங்களைத் தேடி வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொரு காரணமும் உண்டு. புதிதாகக் கட்டிய இன்ஜினில் கேமைப் பழக்க முதல் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டுவோம். அந்தச் சூட்டில் புது ஹெடரின் கோட்டிங் கருகும். அந்த 20 நிமிடமும் பழைய இரும்பு தாங்கட்டும்.

பையன் தன்னுடையதைக் குப்பைத்தொட்டி ஓரம் வைத்திருந்தான். போகும்போது நானே தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.