பட்ஜிக்கு உடம்பு சரியில்லன்னு எப்படி கண்டுபிடிக்கறது, உடனே என்ன பண்ணணும்

பட்ஜி வளக்கிறவங்க வாயில இருந்து அடிக்கடி வர்ற ஒரு விஷயம், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, காலைல பாத்தா கூண்டுக்கு அடியில உக்காந்திருக்கு". நேத்தே அதுக்கு முடியல, ஆனா முடியற மாதிரி காமிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதான் நடந்தது. கூட்டமா வாழற சின்ன பறவை, அதுல ஒண்ணு மட்டும் சோந்து உக்காந்தா பருந்து கண்ணு நேரா அது மேலதான் விழும், அதனால கடைசி வரைக்கும் மறைச்சுக்கிட்டே இருக்கும், வீட்டுக்குள்ள பருந்து வராதுன்னு அதுக்கு எங்க தெரியும். நம்ம கண்ணுல படும்போது நோவு வந்து பல நாள் ஆகியிருக்கும். அதனால "ரெண்டு நாள் பாப்போம்"ங்கற பேச்சே பட்ஜி விஷயத்துல வேண்டாம். (லவ் பேர்ட்ஸ்னு நிறைய பேர் சொல்றதும் இதே பறவையத்தான், அவங்களுக்கும் சேத்துதான் எழுதறேன்.)

என்கிட்ட ஒரு நீலக் கலர் ஆண் இருந்தான். எப்ப பாத்தாலும் தீனிக் கிண்ணத்துக்கிட்டயே நிப்பான், கொத்துவான், உமி பறக்கும், நல்லா சாப்பிடறான்னு நானும் சந்தோஷமா விட்டுட்டேன். ஒரு நாள் கையில எடுத்தப்ப நெஞ்சு நடுவுல இருக்குற எலும்பு விரல்ல கத்தி மாதிரி தட்டுப்பட்டுச்சு. தராசுல வச்சா 28 கிராம், எப்பவும் 36 இருக்கறவன். அப்புறம் கிண்ணத்துக்கிட்ட குனிஞ்சு பாத்தாதான் தெரியுது, விதைய உடைக்கிறான், உமிய உதறுறான், உள்ள இருக்குற பருப்பையும் அப்படியே கீழ விட்டுடறான், எச்சத்துலயும் அங்கங்க முழு விதை. டாக்டர் எச்சத்தை மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு வயித்துல ஒரு மாதிரி ஈஸ்ட் இருக்குன்னார், மெகாபாக்டீரியான்னு பேரு, பேர்ல பாக்டீரியா இருந்தாலும் அது பூஞ்சைதான், பட்ஜிக்கு அடிக்கடி வரும். மருந்து குடுத்து பொழச்சான். ஆனா ஒரு வாரம் முன்னாடியே தராசுல வச்சிருந்தா அவன் அவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டான், அது இன்னைக்கும் மனசுல உறுத்துது.

அதனால முதல்ல ஒரு கிராம் கணக்கு காட்டுற டிஜிட்டல் தராசு வாங்குங்க. மேல ஒரு சின்ன குச்சி இல்ல டப்பாவ வச்சு ஸீரோ பண்ணிட்டு பறவைய ஏத்துங்க, தினைக் கதிர் ஒரு துண்டு காமிச்சா தானா ஏறிக்கும். காலைல முதல் எச்சம் போட்டப்புறம், தீனி போடறதுக்கு முன்னாடி, வாரம் ரெண்டு தடவ எடை பாத்து எழுதி வைங்க. சாதாரண பட்ஜி 30ல இருந்து 40 கிராமுக்குள்ள வரும், போட்டிக்குன்னு வளக்கற ஷோ ரகம் இன்னும் பெருசு, ஆனா ஊர்ல உள்ள கணக்கு முக்கியமில்ல, உங்க பறவையோட கணக்குதான் முக்கியம். அதுல பத்துல ஒரு பங்கு குறைஞ்சா, அதாவது 3, 4 கிராம், அன்னைக்கே டாக்டர்.

அடுத்தது எச்சம். கூண்டுத் தட்டுல மரத்தூள் போடாதீங்க, வெள்ளைப் பேப்பர் போட்டு தினமும் மாத்துங்க, அப்பதான் தெரியும். நல்ல எச்சத்துல மூணு பாகம் இருக்கும், கரும்பச்சையோ பழுப்போ சுருண்ட கழிவு, அதுக்கு மேல வெள்ளையா ஒரு பொட்டு, சுத்தி கொஞ்சம் தண்ணி. அந்த வெள்ளை மஞ்சளாவோ பளிச்சுனு பச்சையாவோ மாறுனா கல்லீரல் பிரச்சனையா இருக்கலாம், தார் மாதிரி கருப்பா போனா உள்ள ரத்தம் கசியுதுன்னு சந்தேகப்படணும், எச்சத்தோட எண்ணிக்கை திடீர்னு குறைஞ்சா சாப்பிடலன்னு அர்த்தம் (ஒரு நாளைக்கு சாதாரணமா 40, 50 போடும்). ஆனா வெள்ளரிக்காய் தின்னப்புறமோ பயந்தப்புறமோ தண்ணியா போறது நார்மல், முட்டை இடுற பெண்ணு பெரிய பெரிய எச்சமா போடறதும் நார்மல், அதப் பாத்து பதறாதீங்க.

உப்பி உக்காந்திருக்கறதுன்னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா, அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. குளிச்சப்புறம், தூங்கப் போறதுக்கு முன்னாடி, மத்தியானம் குட்டித் தூக்கம் போடும்போது எல்லா பட்ஜியும் உப்பும். அப்ப ஒரு காலை மடிச்சு வச்சுக்கிட்டு அலகை கரகரன்னு உரசிக்கிட்டு இருந்தா நிம்மதியா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு காலையும் ஊன்றிக்கிட்டு, கண்ணு பாதி மூடி, நீங்க பக்கத்துல வந்தாலும் இறகு இறங்காம அப்படியே உருண்டையா இருந்தா அதுதான் நோவு. கூடவே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலயும் கீழயும் ஆடுதா பாருங்க, வாயத் திறந்து மூச்சு விடுதா, க்ளிக் க்ளிக்னு சத்தம் வருதா, இதெல்லாம் இருந்தா எமர்ஜென்ஸி, காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

வாந்திக்கும் ஊட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியணும். கண்ணாடியப் பாத்தோ ஜோடியப் பாத்தோ தலைய மேலயும் கீழயும் ஆட்டி விதைய வெளிய எடுக்கறது பாசம். தலைய பக்கவாட்டுல உதறி, தலை முடியெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, கூண்டுக் கம்பியெல்லாம் தெறிச்சிருந்தா அது வாந்தி.

மூக்கு மேல மெழுகு மாதிரி இருக்குற தோலையும் தினம் பாருங்க. பெண்ணுக்கு பழுப்பாகி தடிக்கறது முட்டை இடுற சீசன்ல சகஜம். ஆனா நீலமா இருந்த ஆணுக்கு அது பழுப்பா மாற ஆரம்பிச்சா விதைப்பையில கட்டியா இருக்கலாம். அதே மாதிரி அடிபடாமலே ஒரு கால் மட்டும் பலம் இல்லாம போச்சுன்னா சிறுநீரகத்துலயோ இனப்பெருக்க உறுப்புலயோ வந்த கட்டி கால் நரம்ப அழுத்தறதாலயும் இருக்கும், சுளுக்குன்னு விட்டுடாதீங்க. அலகு ஓரமும் காலும் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டையோட வெள்ளையா பொரிஞ்சிருந்தா அது மைட்ங்கற கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணியால வர்றது, டாக்டர் ஐவர்மெக்டின் சொட்டு போட்டா சரியாயிடும், நீங்களா அளவு பாத்து போடாதீங்க, 30 கிராம் உடம்புக்கு ஒரு சொட்டு கூடினாலும் விஷம்.

சரி, நோவுன்னு தெரிஞ்சுடுச்சு, டாக்டர்கிட்ட போற வரைக்கும் என்ன? சூடு. மருந்துக்கு முன்னாடி சூடு. உடம்பு சரியில்லாத பறவை தன் சூட்டைக் காப்பாத்தவே இருக்குற சக்திய எல்லாம் செலவு பண்ணிடும். காத்து போற ஒரு சின்ன டப்பாவோ கூண்டோ எடுத்து, அடியில டிஷ்யூ பேப்பர் விரிச்சு, குச்சிய எடுத்துட்டு தீனியும் தண்ணியும் தரையிலயே எட்டுற மாதிரி வைங்க. ஒரு பக்கம் மட்டும் சூடு படணும், துணி சுத்துன வெந்நீர் பாட்டில் போதும், உள்ள 28ல இருந்து 30 டிகிரி வந்தா சரி, இன்னொரு பக்கம் சூடு இல்லாம விடுங்க, வேணாம்னா அது அந்தப் பக்கம் நகர்ந்துக்கும். ரெக்கைய விரிச்சு வாயத் திறந்து இளைச்சா சூடு ஜாஸ்தி, குறைங்க. டப்பாவ பாதி மூடி வெளிச்சத்தையும் சத்தத்தையும் கம்மி பண்ணுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாக்காதீங்க.

பண்ணக் கூடாதது. வாயில தண்ணி ஊத்தாதீங்க, நேரா மூச்சுக்குழாய்ல போயிடும். மனுஷங்க மாத்திரை வேண்டாம். கடைல குடுக்குற ஆன்டிபயாட்டிக் பொடிய தண்ணில கலக்கறதும் பிரயோஜனமில்ல, முடியாத பறவை தண்ணியே சரியா குடிக்காது, எவ்வளவு மருந்து உள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும். இறகு மேல எண்ணெய் தடவாதீங்க. பிடிக்கும்போது நெஞ்ச அழுத்தவே கூடாது, நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல மூச்சு விட உதவுற தசை (உதரவிதானம்) இருக்கு, அது பறவைக்கு கிடையாது, நெஞ்செலும்பு முன்ன பின்ன அசைஞ்சாதான் மூச்சு, அத இறுக்கிப் பிடிச்சா கையிலயே போயிடும். கழுத்த ரெண்டு விரலுக்கு நடுவுல லேசா விட்டு, உடம்ப உள்ளங்கையில சும்மா தாங்கிக்கோங்க.

பெண்ணு பட்ஜி கூண்டு அடியில காலை அகட்டி உக்காந்து வால ஆட்டி முக்கிக்கிட்டு இருந்தா, பின்பக்கம் வீங்கியிருந்தா, முட்டை மாட்டியிருக்கு. ஆண் ஜோடி இல்லன்னாலும் முட்டை இடும், அதனால "என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு"ன்னு நெனைக்காதீங்க. அதே சூட்டோட டப்பாக்குள்ள ஈரத்துணி வச்சு கொஞ்சம் ஈரப்பதமும் குடுத்துக்கிட்டே கிளம்பிடுங்க, சில மணி நேரத்துல உயிர் போயிடலாம். வயித்த அமுக்கி முட்டைய எடுக்கப் பாக்காதீங்க, உள்ள உடைஞ்சா ரொம்ப மோசம்.

ரத்தம். 30 கிராம் பறவைக்கு மொத்த ரத்தமே கிட்டத்தட்ட 3 மில்லிதான், சொட்டுக் கணக்குல 60. நகம் உடைஞ்சு ரத்தம் வந்தா சோளமாவு வச்சு ரெண்டு நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க, நிக்கலன்னா பிடிச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட போங்க. பூனை வாயில பட்டுச்சுன்னா காயம் கண்ணுக்குத் தெரியலன்னாலும் அன்னைக்கே ஆன்டிபயாட்டிக் ஊசி தேவைப்படும், பூனை எச்சில்ல இருக்குற கிருமி அப்படி. அடுப்புல நான்ஸ்டிக் பாத்திரம் காய்ஞ்சு அளவுக்கு மீறி சூடானா வர்ற புகை நமக்கு ஒண்ணும் தெரியாது, பட்ஜிய நிமிஷத்துல கொன்னுடும், அதனால கிச்சன் பக்கம் கூண்டே வேண்டாம்.

டாக்டர்னா நாய், பூனை மட்டும் பாக்குறவர் இல்ல, பறவை பாத்து பழக்கம் உள்ளவரா இருக்கணும். பறவை நல்லா இருக்கும்போதே தேடி நம்பர் வாங்கி வைங்க, ராத்திரி பதினொரு மணிக்கு தேட முடியாது. போகும்போது அன்னைக்கு எச்சம் பட்ட பேப்பர், எடை எழுதுன நோட்டு, மூச்சு விடறத எடுத்த வீடியோ மூணும் கொண்டு போங்க, ஏன்னா டாக்டர் முன்னாடி அது திரும்பவும் நல்லா இருக்குற மாதிரி நிமிர்ந்து உக்காந்துக்கும்.

புதுசா ஒரு பறவை வாங்குனா தனி ரூம்ல ஒரு மாசமாவது வச்சு எடையும் எச்சமும் பாத்துட்டு அப்புறம் சேருங்க. வீட்ல யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தா உங்க டாக்டர்கிட்டயும் வீட்ல பறவை இருக்குன்னு சொல்லுங்க, ஸிட்டகோஸிஸ்னு ஒண்ணு பறவைக்கிட்ட இருந்து மனுஷங்களுக்கு வரும், மருந்து இருக்கு, ஆனா சொன்னாதான் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும். எச்சம் சுத்தம் பண்ணும்போது காஞ்ச தூளா பெருக்காம, தண்ணி தெளிச்சு ஈரமாக்கி துடைங்க.