பர்மாவிலிருந்து ஊர் வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு

ரங்கூனிலும் மோல்மீனிலும் இருக்கிற நம்மவர்கள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பூர்வீக வீட்டைச் சரிசெய்யப் போனால், இறங்கிய மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டிக் காட்டுகிறார்கள். பணம் கரையத் தொடங்குவது அங்கேதான். கொத்தனாருக்கு முன்னால் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிராம நிர்வாக அலுவலர். இன்னொருவர், இத்தனை வருஷமும் அந்த வீட்டுக்கு வரி கட்டி விளக்கேற்றிய சொந்தக்காரர். இந்த இருவரிடமும் காரியம் முடியும்வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள்.

பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் தெரிந்துவிடும். இந்தியக் கைபேசி எண் கேட்டால் ஊரில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு மனை பெரும்பாலும் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலக் கணக்கில் இருக்கும். அந்தப் பிரிவில் தேட வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர் திட்டத்திலும், அதையடுத்து வந்த நத்தம் அளவையிலும், ஊரில் இருந்தவர் சொன்ன பெயர்தான் ஏட்டில் ஏறியது. 1964க்குப் பிறகு கப்பலில் திரும்பியவர்கள் நேரில் நின்று பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். பர்மாவிலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்காக நின்று பேச ஆளில்லை. பங்காளி பெயரில் பட்டா இருப்பதைப் பார்த்ததும் மோசடி என்று கத்தாதீர்கள். பல வீடுகளில் அதற்குக் காரணம் நாம் அங்கே இல்லாததுதான்.

இனி தாலுகா அலுவலகம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் விசா நாட்கள் முழுவதையும் விழுங்கிவிடுகிற இடம் இதுதான்.

ஊர்ப் பத்திரத்தில் தாத்தா ‘சின்னக்கருப்பன் மகன் ராமசாமி’ என்று இருப்பார். பர்மாப் பதிவு அட்டையில் அதே ஆள் ‘ஊ தான் மவுங்’. அப்பாவுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், குடும்பப் பட்டியலில் வேறொரு பெயர். உங்கள் பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. விண்ணப்பத்தை வாங்கும் எழுத்தர் முதலில் தேடுவது அந்த இனிஷியலைத்தான். யார் யாருடைய பேரன் என்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. இரண்டு தாளிலும் எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பார். ஒத்துப்போகாவிட்டால் ‘ஆவணங்கள் முரணாக உள்ளன’ என்று எழுதித் தள்ளிவிடுவார். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி கிராம நிர்வாக அலுவலர், மறுபடி வருவாய் ஆய்வாளர் அறிக்கை. இடையில் ஒருவருக்கு மாற்றல் வந்தால் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கடல் தாண்டி வந்தவரை மதிய உணவு முடிந்து வா, நாளைக்கு வா, ஆய்வு முடிந்து வா என்று நிற்கவைப்பது அநியாயம். அந்த அநியாயத்தோடு சண்டை போட்டு நாளை இழப்பதைவிட, தாள்களைப் பர்மாவிலேயே சரிசெய்துகொண்டு போவதுதான் வழி.

தாத்தா, அப்பா, நீங்கள் என மூன்று தலைமுறையும் தொடர்ந்து வரும் குடும்பப் பட்டியல் நகலை முதலில் எடுங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பர்மிய மொழித் தாளுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் ஒரு பெயருக்கு எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் போச்சு. பிறகு பர்மா வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், அதற்கு மேல் ரங்கூன் மெர்ச்சன்ட் தெரு இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம். பழைய வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் தமிழ்ப் பெயரும் பிறந்த ஊரும் இருந்தால் அதைப்போலச் சாட்சி வேறில்லை.

இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, அதன்மேல் வாரிசுச் சான்று. தமிழ்நாட்டில் நடந்த இறப்பு பதிவாகாமல் ஓராண்டு கடந்திருந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பர்மாவில் இறந்தவருக்கு வாரிசுச் சான்று கேட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வதும் உண்டு. ஊருக்குப் போகுமுன்பே வக்கீல் ஒருவரைப் பேசி வையுங்கள். நிராகரித்தால் எழுத்தில் வாங்குங்கள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய அந்தத் தாள் வேண்டும். மே, ஜூன் வாக்கில் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையில், பட்டா மனுவை நேரில் கொடுக்கலாம். திரும்பும் தேதி நெருங்கினால் ஊரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுங்கள். பொது அதிகாரம் வேண்டாம், இன்ன காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்துக் கொடுங்கள். ரங்கூனிலிருந்து எழுதி அனுப்பினால் அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

அடுத்தது சொந்தக்காரர். ‘நீங்கள் பர்மாவில் இருந்தீர்கள், ஓடு மாற்றியது யார்?’ என்று சித்தப்பா மகன் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வரி ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். அவர் செய்த செலவைக் கூட்டி, புதுப்பிக்கும் கணக்கில் அவர் பங்காக எழுதுங்கள். அத்தைமார்களையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்கள் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தன. எல்லோரும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினையோ, குறைந்தது சம்மதப் பத்திரமோ இல்லாமல் போட்ட பணம் ஊருக்குப் போட்ட பணம்.

இவ்வளவும் செய்து வீட்டைப் புதுப்பிக்கலாமா என்றால், ஒரே கேள்விதான்: நீங்கள் போன பிறகு கதவைத் திறப்பது யார்? தினம் ஒருவர் பெருக்கி அடுப்பு மூட்டுகிற வீடென்றால் முழு வேலையும் செய்யலாம். பூட்டிப் போடப் போகிற வீட்டுக்குக் கூரை, மழைநீர் வடிகால், மின்கம்பி, கரையான் மருந்து போதும். டைல்ஸும் பெயிண்டும் பூட்டிய வீட்டில் புழுக்கத்திலேயே பாழாகிவிடும். கூரை நின்றால் சுவர் நிற்கும். மற்றதைப் பேரன்கள் பிறகு செய்துகொள்வார்கள்.

கூரையைப் பற்றி மேஸ்திரி முதலில் சொல்வது, ‘ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுவிடலாம்’ என்பது. ஒத்துக்கொள்ளாதீர்கள். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ. 12க்கு 15 அடி அறைக்கு 5 டன்னுக்கு மேல் ஏறும். மங்களூர் ஓட்டுக் கூரை மரத்தோடு சேர்த்தும் இதில் மூன்றில் ஒரு பங்கு வராது. சுண்ணாம்புக் காரைச் சுவர் அந்தப் பாரத்துக்குக் கட்டியதல்ல. ஓடு மாற்ற ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு கணக்கிட்டு, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் அடிக்குமுன் வாங்கிய ஓட்டை வைத்தே இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். விட்டம், கைமரம் சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்; மேலே மினுமினுக்கும் மரம் அங்கேதான் உளுத்திருக்கும்.

சுவரை ஆணியால் கீறுங்கள். வெள்ளையாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. அதன்மேல் சிமெண்ட் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே மூச்சுவிட முடியாமல் உப்பாகப் பூக்கும். பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு விழும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, மெல்லிய பூச்சாக, இரண்டு முறை. முதல் பூச்சு காயுமுன் வெயில் படாமல் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்துவர வேண்டும். கரையானுக்குச் சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓரடிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல்.

கூரை பிரிக்கும் வேலை மாசி, பங்குனியில் முடிய வேண்டும். ஐப்பசியில் பிரித்த கூரையை எந்தத் தார்ப்பாயும் காப்பாற்றாது. மார்கழியிலும் ஆடியிலும் புது வேலை தொடங்க ஊரில் தயங்குவார்கள்; தேதி குறிக்கும்போதே இதைக் கழித்துக்கொள்ளுங்கள். கூலியை வேலை முடிந்த அளவுக்கு மட்டும் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள். கையில் 5,000 டாலர் நோட்டுக்கு மேல் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்தில் சொல்லிப் படிவம் வாங்குங்கள்.

இறக்கிய மரத்தில் கண் வையுங்கள். அந்தத் தூணும் நிலையும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. ‘உளுத்த கட்டை, அள்ளிப்போட ஆள் அனுப்புகிறேன்’ என்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதே நிலையின் விலையைக் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்லுங்கள். ‘இறக்கிய மரமும் ஓடும் வீட்டுக்காரருக்கே’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண் போட்டு, நீள அகலம் குறித்துப் படமெடுத்து, ஒரு நகலை ஊரில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.