பேனலுக்கு முன்னால் ஒரு சாக்பீஸ்

வீட்டுக்குச் சோலார் போடப் போகிறோம் என்று யார் சொன்னாலும், "மாடியில் நிழலை வரைந்து பார்த்தீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. சிரிக்கிறார்கள். வரையாமல் மாட்டிக்கொண்டவள் நான்.

நாங்கள் பேனல் பொருத்தியது நல்ல கோடையில். மாடி முழுக்க வெயில். குளிர்காலம் வந்ததும் மூன்று மணிக்கு மேல் உற்பத்தி படுத்துவிட்டது. ஏறிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீண்டு வந்து கடைசிப் பேனலின் ஓரத்தில் ஒரு முழம் விழுந்து கிடந்தது. ஒரு முழம்தானே என்று விட முடியாது. பேனலுக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். வரிசையில் நின்று செங்கல் கைமாற்றும்போது ஒருவர் அசந்தால் எல்லோரும் நிற்பதுபோலத்தான். முழுப் பேனலும் முடங்காமல் இருக்க, மின்சாரத்தைச் சுற்றுவழியில் திருப்பிவிடும் பைபாஸ் டயோடுகள் உள்ளே உண்டு. ஆனால் அவை நிழல் விழுந்த பகுதியையே கழற்றிவிடும். பெரும்பாலும் மூன்று டயோடுகள்தான், அதனால் ஒரு மூலை நிழலுக்கு அந்தப் பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஆகவே தெளிந்த வானம் உள்ள ஒரு நாளில் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு நிழலின் ஓரங்களைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். குளிர்காலத்தில் செய்தால் உத்தமம். ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் நடுப்பகல் சூரியன் 47 டிகிரி இடம் மாறுகிறது. அதுவரை காத்திருக்க முடியாதென்றால், சூரியன் போகும் பாதையைக் காட்டும் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டு மரம் இன்னும் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது மீட்டர். ஒரு வருட பில்களை எடுத்துச் சராசரி பாருங்கள். அதோடு ஒரு வாரம், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரீடிங்கைக் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 12 யூனிட்; அதில் பகலில் 5, இரவில் 7. நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். எங்களுக்கு 3 கிலோவாட் என்று முடிவானது. 540 வாட் பேனல் ஆறு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர். நடந்துபோய்த் துடைக்க இடைவெளியும் விட வேண்டும்.

பேனலில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும். அடியில் காற்று புகாதபடி தரையோடு ஒட்டிப் பொருத்த விடாதீர்கள்.

சோலார் இருந்தால் கரண்ட் கட்டே கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இன்வெர்ட்டர். அதில் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் வகை, லைனில் மின்சாரம் போன உடனே தானும் நின்றுவிடும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு நம் வீட்டு மின்சாரம் பாயும். மின்வெட்டு அதிகம் என்றால் லைன், பேட்டரி இரண்டோடும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அப்போதும் மின்விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ் என்று அவசியமானதற்கு மட்டும் கணக்குப் போடுங்கள். ஏசியைச் சேர்த்தால் பேட்டரிச் செலவு எகிறிவிடும். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியளவுதான் எடுப்பது நல்லது, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம்.

இன்வெர்ட்டருக்கு நிழலும் காற்றோட்டமும் உள்ள சுவர் வேண்டும். படுக்கையறைச் சுவர் வேண்டாம், அதன் ஃபேன் சத்தம் போடும். கொட்டேஷனில் கேபிள் அளவு, எர்த்திங், சர்ஜ் பாதுகாப்பு (மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் கருவி) ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

தளத்தில் கசிவு இருந்தால் பேனல் ஏறும் முன்பே சரிசெய்துவிடுங்கள், அப்புறம் அடியில் கை நுழையாது. நாங்கள் தளத்தை முதலிலேயே பூசியிருந்தோம். ஆனால் தொட்டி நிழலுக்காகக் கடைசிப் பேனலை இரண்டு மீட்டர் தள்ளிப் பொருத்தியபோது, பழைய போல்ட் துளைகளை அடைக்கக் கொத்தனாரை மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. இந்த முறை அவர் வருவதற்கு முன்பே சாக்பீஸ் கோடு தயாராக இருந்தது.