மலையில குளிர்காலம்: அடுப்படியிலயும் கொல்லையிலயும் நாங்க பண்ணின தப்பையெல்லாம் நீங்களும் பண்ணாதீங்க

மார்கழி பொறந்தாலே கீழ இருந்து போன் வர ஆரம்பிச்சுரும், "என்னக்கா, கோத்தகிரில ஜாலியா இருக்கீங்களா"ன்னு. ஜாலிதான், மூணு நாளா மாவு பொங்கலைங்கிறதைத் தவிர. திருப்பூர்ல இருந்து இங்க வந்து இது நாலாவது குளிர்காலம், மொதல் ரெண்டு வருஷம் நாங்க பண்ணாத கூத்து இல்ல. லீவுக்கு வந்து தங்குறவங்களும் புதுசா வீடு எடுத்து வர்றவங்களும் அதே கூத்தை அப்படியே பண்றதைப் பாக்கும்போதுதான் எழுதி வச்சுருவோமேன்னு தோணுச்சு. கீழ்நாட்டுல அடுப்படி வேற, கொல்லை வேற. இங்க நடுவுல இருக்கிறது ஒரு தகரக் கதவு மட்டுந்தான், உள்ள என்ன ஊற வச்சிருக்கோம்னு வெளிய இருக்கிறவங்களுக்கு மூக்குலயே தெரிஞ்சுரும், வெளிய இருக்கிறவங்கன்னா கரடி, காட்டெருமை, குரங்கு எல்லாரையும் சேத்துத்தான் சொல்றேன்.

மொதல்ல மாவுல இருந்து வர்றேன், ஏன்னா என் புலம்பல்ல பாதி அதுதான். திருப்பூர்ல ராத்திரி ஆட்டி வச்சா காலைல பாத்திரத்தை விட்டு வெளிய வழியும், இங்க டிசம்பர்ல 24 மணி நேரம் ஆனாலும் வச்சது வச்ச மாதிரியே கிடக்கும். மாவைப் பொங்க வைக்கிறது உளுந்துலயே ஒட்டிக்கிட்டு வர்ற லியூகோனோஸ்டாக்னு ஒரு பாக்டீரியாவும் அதோட கூட்டாளிங்களும், அதுங்களுக்கு 28ல இருந்து 32 டிகிரி வரை சூடு இருந்தா கொண்டாட்டம், நம்ம அடுப்படியில ராத்திரி 14 டிகிரின்னா அதுங்களும் போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்குது, அவ்வளவுதான் விஷயம். இது புரியாம நான் பண்ணின மொத வேலை என்னன்னா, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் இருந்த அண்டாவுக்குள்ள மாவுச் சட்டியைத் தூக்கி வச்சேன். காலைல திறந்து பாத்தா ஓரமெல்லாம் வெந்து புட்டு மாதிரி கட்டி, நடுவுல பச்சை மாவு, கரண்டியை விட்டா ஓரம் பாளம் பாளமா பேந்து வருது. 45 டிகிரியைத் தாண்டினா பாக்டீரியா வேலை செய்யாது, அதுக்கும் மேல போனா செத்தே போயிரும். தண்ணி கை பொறுக்கிற சூட்டுல இருந்தாப் போதும், விரலை உள்ள வச்சு பத்து எண்ண முடியணும்.

ரெண்டாவது தப்பு சோடா உப்பு போடுறது. இட்லி உப்பும், ஆனா புளிப்பு வராது, ஒரு மாதிரி சோப்பு வாசம் வரும், எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு தட்டைத் தள்ளி வச்சுட்டாரு. அதுக்கப்பறம் நான் ரெண்டு கிண்ணம் வச்சு சோதனை பண்ணினேன், ஒரே மாவு, ஒண்ணுல உப்பு போட்டு இன்னொண்ணுல உப்பே போடாம, ரெண்டையும் மூடி கம்பளி சுத்தி அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வச்சேன். உப்பு போடாதது காலைலயே ஒரு விரக்கடை ஏறியிருந்துச்சு, உப்பு போட்டது சாயங்காலம்தான் அந்த அளவுக்கு வந்துச்சு. அதனால குளிர் ஊருல பொங்கினதுக்கு அப்பறமா உப்பு போட்டுக் கலக்குங்க, உளுந்து ஒரு பிடி கூடவே போடுங்க, வெந்தயம் ஒரு ஸ்பூன், ஆட்டும்போது ஐஸ் தண்ணி ஊத்துற பழக்கத்தை கீழ்நாட்டுலயே விட்டுட்டு வந்துருங்க. தயிருக்கும் இதே கதைதான், பால் இதமான சூட்டுல இருக்கணும், உறைமோர் வழக்கமா ஊத்துறதை விட ரெண்டு பங்கு ஊத்தி ஹாட்பேக்ல வச்சு மூடினா காலைல கத்தி போட்டு வெட்டலாம். உறையலையான்னு மணிக்கொருக்கா திறந்து ஆட்டிப் பாக்குறதை மட்டும் பண்ணாதீங்க, சூடும் போயிரும் தயிரும் தண்ணி விட்டுரும்.

அடுத்து பருப்பு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரம், இங்க தண்ணி சுமார் 94 டிகிரியிலயே கொதிச்சுரும், ஊட்டியில அதுக்கும் ஒண்ணு ரெண்டு டிகிரி கம்மி. நல்லா தளதளன்னு கொதிக்குதே இன்னும் வேகலையேன்னு அடுப்பைப் பெருசாக்கிக்கிட்டே போறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, கேஸ்தான் தீரும், தண்ணி அதுக்கு மேல சூடாகவே ஆகாது, ஆவியா ஓடிரும். குக்கர் இல்லாம கொண்டைக்கடலை வேக வைக்கலாம்னு நினைச்சா அன்னிக்கு சாப்பாடு நாளைக்குத்தான். குக்கர்ல கூட கீழ விடுறதை விட ரெண்டு விசில் சேத்து விடணும், பயறை முந்தின நாள் ராத்திரியே சுடுதண்ணில ஊற வைக்கணும். தேங்காய் எண்ணெய் உறைஞ்சா பிளாஸ்டிக் பாட்டிலோட அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க, எங்க வீட்டு பர்னர்ல இன்னிக்கும் அந்தத் தழும்பு இருக்கு. அகல வாய் டப்பாவுல மாத்தி வச்சுட்டா ஸ்பூன்ல சுரண்டி எடுத்துக்கலாம்.

இப்ப சொல்லப் போறதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. குளிர் தாங்கலைன்னு கரி அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ ரூமுக்குள்ள கொண்டு வந்து கதவைச் சாத்திட்டுத் தூங்குறது. கரி அரைகுறையா எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருது, அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது போய் ஒட்டிக்கும். லேசா தலைவலிக்கும், குமட்டும், குளிர்ல அப்படித்தான் இருக்கும்னு நினைச்சு படுத்துருவோம், அப்பறம் எந்திரிக்கிறது இல்ல. மலைக்கு சுத்திப் பாக்க வந்தவங்க இப்படிப் போன செய்தி பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. புகை வரலையே, தணல் மட்டும்தானேன்னு நினைக்கிறதுதான் ஆளைக் கொல்லுது, தணல்ல இருந்துதான் அது நிறைய வரும். கூட ஒரு கம்பளி வாங்குங்க, வெந்நீர்ப் பை வச்சுக்கங்க, கரி வேண்டாம்.

சரி, கரடிக்கு வருவோம். போன வருஷம் எனக்கு வர்க்கி பண்ணிப் பாக்கணும்னு ஆசை வந்துச்சு. ஊட்டி வர்க்கிக்கு 2023ல புவிசார் குறியீடு கூட குடுத்துட்டாங்க, அந்த மொறுமொறுப்பு ஈஸ்ட் போட்டா வராது, இங்க பேக்கரிக்காரங்க மாவான்னு ஒரு புளிச்ச கலவையைத்தான் சேக்கறாங்க, வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா எல்லாம் போட்டு ஊற வைக்கிறது. நானும் நாலு பூவம்பழத்தை மசிச்சுப் போட்டு கலக்கி, அது சூடா இருக்கணுமேன்னு பின்னாடி வெந்நீர் பாய்லர் ஷெட்ல, அணைஞ்ச பாய்லர் பக்கத்துல கூடையைக் கவுத்து மேல ஒரு கல்லையும் வச்சுட்டு வந்து படுத்துட்டேன். என் அறிவு அப்போ அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தகரத்தை யாரோ ஆணியால கீறுற மாதிரி சத்தம், அப்பறம் கூடை உருண்டுச்சு, அப்பறம் சளப் சளப்புன்னு நக்குற சத்தம், நடுநடுவுல உறிஞ்சுற மாதிரி ஒரு உர்ர். வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கிட்டு கதவுத் தாழ்ப்பாள்ல கையை வச்சுட்டாரு, நான்தான் சட்டையைப் புடிச்சு இழுத்தேன். காலைல போய்ப் பாத்தா கிண்ணம் தேச்சுக் கழுவி வச்ச மாதிரி பளபளன்னு இருக்கு, பக்கத்துல விளக்குக்கு வச்சிருந்த நல்லெண்ணெய் பாட்டில் கடிபட்டு நசுங்கிக் கிடக்கு, கதவுல நாலு நீளக் கோடு. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பாத்துட்டு, "பழத்தை வெளிய ஊற வச்சா அது வராம உன் மாமியாரா வருவாங்க அம்மிணி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

குளிர்காலத்துல கரடி தூங்கும்ல, வெளிய வராதேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது பனிப்பிரதேசத்துக் கரடி. நம்ம ஊருக் கரடிக்கு அப்படித் தூக்கமெல்லாம் கிடையாது, வருஷம் பூரா கரையான் புத்தைத் தோண்டும், தேன் எடுக்கும், பழம் தின்னும். குட்டி போடுறதே பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்குலதான், ரெண்டு மூணு மாசத்துல குட்டியை முதுகுல ஏத்திக்கிட்டு தாய் வெளிய கிளம்பிரும், குட்டியோட இருக்கிற கரடி குறுக்க வந்தா யோசிக்காது, மூஞ்சிலதான் போடும். அதனால ராத்திரி சத்தம் கேட்டா கதவைத் திறக்காதீங்க, உள்ள இருந்தே லைட்டைப் போடுங்க, பாத்திரத்தைத் தட்டுங்க, அது போறதுக்கு வழி இருக்கணும், சுத்தி நின்னு விரட்டுறேன்னு நிக்கக் கூடாது. விடியக்காலைல இருட்டோட பால் வாங்கப் போறவங்க பேசிக்கிட்டோ இருமிக்கிட்டோ போங்க. வனத்துறை நம்பரை போன்ல போட்டு வைங்க. எண்ணெய், நெய், வெல்லம், புளிச்ச மாவு, பழத்தோல் எதுவும் ராத்திரி வெளிய இருக்கக் கூடாது, முக்கியமா கம்போஸ்ட் குழி. சமையல் கழிவை குழியில கொட்டி நாலு இலையைப் போட்டு மூடினா இயற்கை விவசாயம்னு நாம நினைச்சுக்கறோம், காட்டுப்பன்றிக்கு அது பந்தி. நாங்க இப்போ மூடியைக் கிளிப் போட்டு இறுக்குற டிரம்லதான் போடுறோம், மீன் கழிவு, எண்ணெய்ச் சோறு அதுலயும் கிடையாது.

காட்டெருமை வேற ரகம். பாக்க சாது மாதிரி, நம்ம முட்டைக்கோஸ் பாத்தியில நின்னு மெதுவா அசை போடும், ஆனா வளந்த ஆண் 1000 கிலோ வரைக்கும் இருக்கும், தோட்டத்து வேலியெல்லாம் அதுக்கு நூல் மாதிரி. இங்க நடக்குற பெரிய தப்பு செல்பி, ரெண்டாவது தப்பு நாய். நாயை அவுத்து விட்டா குரைச்சுக்கிட்டே கிட்டப் போகும், அது திரும்பி ஒரு பெருமூச்சு விட்டதும் நாய் எங்க ஓடும்? நம்மகிட்டத்தான் ஓடி வரும், பின்னாடியே அதுவும் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நாயை உள்ள கட்டிருங்க. கரண்டு வேலி போடுறேன்னு வீட்டு லைன்ல இருந்து கம்பியில நேரா இழுக்குறது பைத்தியக்காரத்தனம், காட்டெருமையும் கரடியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்குது, ஜெயிலுக்குப் போகலாம், அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் குழந்தை யாராவது கையை வச்சுரும்.

குரங்குக்கு ஒரு பிஸ்கட் கூடப் போடாதீங்கன்னு சொன்னா கல்நெஞ்சுக்காரின்னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போங்க. வந்த வருஷம் எங்க பொண்ணு ஜன்னல் வழியா ஒரு ரஸ்க் குடுத்தா, மூணாவது நாள் ஒரு கூட்டமே அந்த ஜன்னலைத் தட்டிச்சு, நாலாவது நாள் காயப் போட்டிருந்த வடகத்தை துணியோட உருட்டிக்கிட்டு சில்வர் ஓக் மரத்து மேல உக்காந்து தின்னுச்சுங்க. குருவிங்களுக்கும் மிக்சர், உப்பு போட்ட பொரி, பிரட்டெல்லாம் வேண்டாம், உப்பு அதுங்களுக்கு ஆகாது, பிரட்டுல வயிறு ரொம்புமே தவிர சத்து ஒண்ணும் கிடையாது. பழம் காய்க்கிற செடி ரெண்டு வச்சா செம்மீசைச் சின்னான் தானா வரும், சாயங்காலம் வேலி ஓரப் புதர்ல கூட்டமா யாரோ கெக்கெக்கேன்னு சிரிக்கிற மாதிரி கேட்டா அது நீலகிரிச் சிரிப்பான், இந்த மலையை விட்டா வேற எங்கயும் அதைப் பாக்க முடியாது, கதவுச் சந்துல நின்னு சத்தமில்லாம பாருங்க, போன்ல அதோட சத்தத்தைப் போட்டுப் போட்டுக் கூப்பிடாதீங்க, இன்னொரு குருவி தன் இடத்துக்கு வந்துருச்சுன்னு நினைச்சு அது தவிச்சுப் போயிரும்.

செடிக்கு உறைபனி. எங்க வீடு பள்ளத்துல இருக்கு, குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால ராத்திரி இறங்கி பள்ளத்துலதான் தேங்கும், மேல ரோட்டோரத்துல ஒண்ணுமே இருக்காது, இங்க புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளையா இருக்கும். மேகமே இல்லாம நட்சத்திரம் பளிச்சுன்னு தெரியுற ராத்திரிதான் ஆபத்து. பிளாஸ்டிக் ஷீட்டை இலை மேல படுற மாதிரி போத்துறது தப்பு, தொட்ட இலையெல்லாம் கருகும். சாக்கு போடலாம், இல்ல குச்சி நட்டு அது மேல காஞ்ச புல்லைப் பரப்பலாம், டீத்தோட்டத்துக்காரங்க தாகைன்னு ஒரு காட்டுச் செடியோட இலையை வச்சு மூடுவாங்க. பனி விழுந்த இலை மேல வெந்நீர் ஊத்திராதீங்க, நான் ஊத்தி ஒரு தக்காளிச் செடியை அவிச்சே எடுத்திருக்கேன். வெயில் படுறதுக்கு முன்னாடி சாதாத் தண்ணி தெளிச்சாப் போதும், ஊட்டி தாவரவியல் பூங்காவுல அப்படித்தான் பண்றாங்க. கருகின கிளையை உடனே வெட்டவும் வேண்டாம், குளிர் முடியுற வரைக்கும் அந்தச் சருகுதான் உள்ள இருக்கிற துளிருக்குப் போர்வை.

பனி விழுந்த அன்னிக்குக் காலைல குருவிக்கு வச்ச தண்ணிச் சட்டியும் மேலாக பாலேடு மாதிரி உறைஞ்சு கிடக்கும். விரலால உடைச்சு அந்தத் தகட்டை எடுத்து வீசிட்டு, சட்டியைத் தேச்சுக் கழுவி புதுத் தண்ணி ஊத்துங்க. ஏழு மணிக்கு வெயில் வேலியைத் தொடும்போது மொத ஆளா வாலாட்டிக் குருவிதான் வரும்.