மாடல் 100 கையில் கிடைத்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

1983-இல் வந்த டி.ஆர்.எஸ்-80 மாடல் 100 லேப்டாப் கிடைத்தவுடன் ரேமைக் கூட்டலாமா, எஸ்டி கார்டு வசதி சேர்க்கலாமா என்றுதான் மனசு ஓடும். கொஞ்சம் பொறுங்கள். இதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃப்ளாப்பியும் கிடையாது, நீங்கள் அடிப்பதெல்லாம் ரேமிலேயே இருக்கிறது, அந்த ரேமைக் காப்பாற்றுவது போர்டில் சால்டர் செய்திருக்கும் ஒரு சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதை மாற்றாமல் வேறு எதற்கும் காசு போடாதீர்கள்.

அடிப்பக்கத்தில் 4 திருகுகள். கழற்றியதும் மேல் பாதியை வெடுக்கென்று தூக்க வேண்டாம், இரண்டு பாதிகளுக்கும் நடுவே கேபிள் இருக்கிறது. பழைய பேட்டரி பெரும்பாலும் கசிந்திருக்கும், சுற்றிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அதுதான். அந்தக் கசிவு போர்டின் செப்புத் தடங்களைத் தின்றுவிடும், அதனால் பேட்டரியை எடுத்துவிட்டு வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள். புதிதாக 3.6 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, ப்ளஸ் மைனஸ் பார்த்து. லித்தியம் காயின் செல் வேண்டவே வேண்டாம்: இந்த சர்க்யூட் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது ஆபத்து.

மெஷின் ஓடுவது 4 ஏஏ பேட்டரியில், சுமார் 20 மணி நேரம் வரும். இன்றைக்கும் எனக்கு இது பெரிய விஷயமாகத்தான் படுகிறது. அடாப்டர் போடுவதென்றால் 6 வோல்ட், நடு முனை நெகட்டிவ். இப்போது கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ்வாக இருக்கும், பார்க்காமல் சொருகாதீர்கள். திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பக்கவாட்டில் இருக்கும் கான்ட்ராஸ்ட் சக்கரத்தைத் திருப்புங்கள். அடியில் மெமரி பவர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்தால் எழுதியதெல்லாம் போச்சு.

இனி ரேம். 8கே, 24கே (கே என்றால் கிலோபைட்) என்று விற்றார்கள், 8கே மாட்யூல்களாகச் சேர்த்து 32கே வரை போகலாம். 32கே-யும் போட்டால் மெனுவில் 29638 பைட்டுகள் காலி என்று காட்டும். ஆனால் 24கே இருந்தாலே கட்டுரை எழுதத் தாராளம். அடியில் இருக்கும் ஆப்ஷன் ரோம் (ROM, கூடுதல் மென்பொருள் சிப்) சாக்கெட்டில் பொருந்தும் ரெக்ஸ் என்ற போர்டு அதைவிட நல்ல செலவு, ரேம் முழுவதையும் அதிலேயே பேக்கப் எடுத்து வைக்கலாம். சாதாரண ஈப்ராம் (EPROM) மெமரி சிப்பை அந்த சாக்கெட்டில் அப்படியே சொருகக்கூடாது, பின் வரிசை வேறு.

எழுதியதைக் கணினிக்கு மாற்ற யூஎஸ்பி-சீரியல் கேபிளும் நல் மோடம் (null modem) அடாப்டரும் போதும், அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் மாற்றி இணைப்பது இந்த அடாப்டர்தான். மெஷினிலேயே இருக்கும் டெல்காம் என்ற தொடர்பு நிரலுக்குள் போய் ஸ்டாட் கட்டளை கொடுத்து 88என்1இ என்று அமையுங்கள். முதல் 8 என்பது 9600 பாட் (தகவல் போகும் வேகம்), அடுத்த 8 பிட் எண்ணிக்கை, கடைசி எழுத்து எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப், அதாவது வாங்கும் பக்கம் திணறினால் அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் முறை. கணினியிலும் அதே அமைப்பு இருக்க வேண்டும். டெல்காமிலேயே டெர்ம் (டெர்மினல்) கட்டளை கொடுத்து எஃப்3 அழுத்தினால் கோப்பின் பெயர் கேட்கும், அப்புறம் அகலம் கேட்கும், அங்கே வெறும் என்டர் தட்டுங்கள், வரிகள் உடையாமல் போகும். கணினியிலிருந்து இங்கே கொண்டுவர எஃப்2. எழுத்து விட்டுப்போனால் பாட் அளவை ஒரு படி குறையுங்கள்.