குழலை மாற்றும் முன் திருகைப் பாருங்கள்: தொலைதூர வேட்டை ரைஃபிளின் குறியைச் சீராக்குவது எப்படி?

வேட்டை ரைஃபிள் குறி தவறினால் பலரும் முதலில் பழி போடுவது குழலின் மீதுதான். உடனே புதுக் குழல், புது விசை (டிரிகர்), விலை கூடிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) என்று பட்டியல் போடத் தொடங்குவார்கள். கோளாறோ பெரும்பாலும் தளர்ந்த திருகிலோ, ஒவ்வாத தோட்டாவிலோ, சுடுபவரின் விரலிலோ இருக்கும். எனவே செலவில்லாத வேலைகளிலிருந்து தொடங்குவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் பலன் தந்தது எது என்று தெரியாமலே போய்விடும்.

உரிமம் பெற்ற துப்பாக்கியும் அனுமதி பெற்ற சுடுதளமும் உங்களுக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதல் படி: திருகுகள்

தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் மட்டுமன்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் விரல் விட்டும் உறுதி செய்யுங்கள். பிறகு ரைஃபிளின் உலோகப் பகுதியைத் தோளில் அணைக்கும் கட்டையோடு பிணைக்கும் திருகுகளையும் ஸ்கோப் வளையத் திருகுகளையும் பாருங்கள். இதற்கு முறுக்குவிசை காட்டும் திருப்புளி வேண்டும், கைக்கணக்கு உதவாது. வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். அதற்கு மேல் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கலாம். கட்டைத் திருகுகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவே சரி, ஏனெனில் மரக்கட்டையும் உலோகத் தாங்கி வைத்த கட்டையும் ஒரே இறுக்கத்தைத் தாங்கா. இறுக்கிய பின் திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து விலகினால் திருகு நகர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

இரண்டாம் படி: குழலும் கட்டையும்

குழல் கட்டையைத் தொடாதபடி அமைந்த ரைஃபிள் என்றால், ஒரு தாளை இரண்டுக்கும் நடுவே செருகி, முன்னிருந்து பின்னோக்கி இழுத்து வாருங்கள். எங்கும் தட்டாமல் ஏறக்குறைய குழலின் அடிவரை தாள் வர வேண்டும். வழியில் சிக்கினால், அங்கே கட்டை குழலை அழுத்துகிறது. குழல் சூடாகும்போது அந்த அழுத்தம் மாறும்; குண்டும் இடம் மாறி விழும்.

மூன்றாம் படி: தோட்டாத் தேர்வு

என் கணக்கில் அதிகம் பலன் தரும் படி இதுதான். ஒரே ரைஃபிள் ஒரு வகைத் தோட்டாவைச் சிதறடிக்கும், இன்னொன்றை ஒரே இடத்தில் குவிக்கும். குழலின் உள்வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகள்) எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்று பாருங்கள். கனமான, நீளமான குண்டுக்கு விரைவான சுற்று வேண்டும். அது போதாவிட்டால் குண்டு தள்ளாடிப் போய், தாளில் வட்டத் துளைக்குப் பதில் பக்கவாட்டில் நீண்ட துளை விழும். அப்படி ஒன்றைக் கண்டால் அந்தத் தோட்டாவை அந்தக் குழலுக்கு மறந்துவிடுங்கள்.

வெவ்வேறு எடையில் மூன்று நான்கு வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டுகள் கொண்ட இரண்டு தொகுதிகள் சுடுங்கள். மூன்று குண்டுகள் நெருக்கமாக விழுந்த தாளைப் படமெடுத்துப் பெருமைப்படுவது எளிது. அதில் பாதி அதிர்ஷ்டம். தொகுதிகளுக்கு நடுவே குழல் ஆறட்டும். வென்ற வகையில் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் கொண்ட பெட்டிகளைச் சேர்த்து வாங்குங்கள்.

நான்காம் படி: ஸ்கோப்

ரைஃபிளை மணல் மூட்டைகளில் அசையாமல் வைத்து, அதைத் தொடாமல், கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நீந்தினால் இடமாறு பிழை இருக்கிறது. பக்கத்துக் குமிழைத் திருப்பி அது நிற்கும் வரை சரிசெய்யுங்கள். அடுத்து, ஒரு குண்டு சுட்டுவிட்டு, குறியை மேல்-கீழும் இட-வலமும் நகர்த்தும் குமிழ்களில் 20 சொடுக்கு மேலே, 20 வலம், 20 கீழே, 20 இடம் என்று ஒவ்வொரு மூலைக்கும் ஒரு குண்டு சுடுங்கள். குறி வைக்கும் புள்ளி மாறக் கூடாது. கடைசிக் குண்டு முதல் துளைக்கே திரும்பாவிட்டால் அந்தக் குமிழ்களை நம்ப முடியாது.

ஐந்தாம் படி: விரல்

விசையை மெல்ல, நேர்ப்பின்னாக அழுத்துங்கள். வெடித்த பின்னும் ஒரு நொடி விரலை எடுக்காதீர்கள். வெடித்த கணத்தில் குறுக்குக்கோடு எங்கிருந்தது என்று, துளையைப் பார்க்கும் முன்பே சொல்லப் பழகுங்கள். வெற்று அறையுடன் விசையழுத்திப் பழகலாம்; ஆனால் விளிம்பில் அடிபடும் சிறு தோட்டா ரைஃபிள்கள் பலவற்றுக்கு அது கேடு.

ஆறாம் படி: முதல் குண்டு

காட்டில் ஐந்து குண்டுகளுக்கு வாய்ப்பில்லை. ஆறிய குழலின் முதல் குண்டுதான் கணக்கு. ஒவ்வொரு முறை சுடுதளம் போகும்போதும் முதல் குண்டை மட்டும் ஒரே தாளில் சுட்டுச் சேர்த்து வையுங்கள். உங்கள் ரைஃபிளின் உண்மையான துல்லியம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் சிதறல் 400 மீட்டரில் குறைந்தது 12 ஆகும். தொலைவு இரட்டிப்பானால் பக்கக்காற்றின் விலகல் நான்கு மடங்கையும் தாண்டும். விலங்கின் உயிர்நிலையை 20 சென்டிமீட்டர் வட்டமாகக் கொள்ளுங்கள். காற்றையும் உங்கள் நடுக்கத்தையும் சேர்த்த பின்னும் எத்தனை மீட்டர் வரை எல்லாத் துளைகளும் அதற்குள் அடங்குகின்றனவோ, அதுவே உங்கள் எல்லை; அதற்கு அப்பால் நிற்கும் விலங்கை விட்டுவிடுங்கள்.